நெஃபெர்தாரியின் வாசலில் கழற்றிய செருப்பு



அழைப்பிதழில் என் தலைப்பை "மெய்நிகர் வழியில் எகிப்து" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மெய்நிகர் என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொள்கிறோம். இருந்த இடத்தில் இருந்தபடியே இன்னோர் ஊருக்குள், இன்னொரு நாட்டுக்குள் நடமாடுகிறோம். திரும்பிய பக்கமெல்லாம் அந்த ஊர். அண்ணாந்தால் அந்த ஊர் வானம். குனிந்தால் அந்த ஊர் மண். இதைப் பயணம் என்று சொல்லலாமா? டிக்கெட் இல்லை, விசா இல்லை, கால்வலி இல்லை. இவை எதுவும் இல்லாத ஒன்றைப் பயணம் என்று ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது. என் மனமும் தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் போக்கியவர் எண்பத்தொரு வயதான என் பெரியம்மா.

போன ஆண்டு பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தோம். என் அண்ணன் மகன் ஒரு விஆர் ஹெட்செட் கொண்டுவந்து அவனுடைய கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தான். பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கூச்சலிட்டார்கள். பெரியம்மா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாசல்படி இறங்குவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும். கோயிலுக்குப் போயே மூன்று வருடம் ஆகிறது. "பெரியம்மா, நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்று நான்தான் சொன்னேன். கொண்டையை அவிழ்த்து, பட்டையைத் தளர்த்தி, மெதுவாக மாட்டிவிட்டோம்.

அரை நிமிடம் பேச்சே இல்லை. பிறகு தலை மட்டும் மெல்ல மேலே நிமிர்ந்தது.

"எங்கடி இருக்கேன்?"

"எகிப்துல பெரியம்மா. மூவாயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு ராணியோட சமாதி. அதுக்குள்ள போகப் போறீங்க."

"சமாதியா?"

அவ்வளவுதான் கேட்டார். உட்கார்ந்தபடியே, வலது காலால் இடது கால் செருப்பைத் தள்ளினார். இடது காலால் வலது கால் செருப்பைத் தள்ளினார். டாக்டர் சொல்லி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு அது. அதைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒதுக்கிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, "ம், போலாம்" என்றார்.

கூச்சலிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். அந்த நொடியில் எனக்குத் தயக்கம் போயிற்று. ஓர் இடத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது என்றால், அந்த மனம் அங்கே போய்விட்டது என்றுதானே பொருள்?

பெரியம்மா நுழைந்த இடம் எது? எகிப்தின் லக்சர் நகரத்துக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசியரின் பள்ளத்தாக்கு என்று ஒரு வறண்ட மலைச்சரிவு இருக்கிறது. அங்கே இருக்கிறது நெஃபெர்தாரியின் கல்லறை. இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பட்டத்தரசி அவர். 1904ல் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். பொன்னும் பொருளும் பழங்காலத்திலேயே களவு போயிருந்தன. கள்வர்களால் எடுத்துப்போக முடியாத ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. சுவர்.

சுமார் 520 சதுர மீட்டர் ஓவியம். கருநீல விதானம் முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள். வெள்ளைப் பருத்தி போலத் தோன்றும் மெல்லிய ஆளிநூல் ஆடை அணிந்து, தலையில் கழுகு வடிவ அணிகலன் சூடிய அரசி. அவர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் ஐசிஸ் தெய்வம். இறந்தவர் மறுவுலகில் எதை எதைக் கடக்க வேண்டும், எந்தெந்தக் காவலரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சுவரெல்லாம் சித்திர எழுத்து. படியில் இறங்கினால் ஓர் அறை. அங்கிருந்து இன்னொரு படிவரிசை. அதிலும் இறங்கினால் நான்கு தூண்களோடு அரசி உறங்கிய அறை.

முதல் அறையில் ஒரு காட்சி. அரசி பந்தலுக்குள் உட்கார்ந்து ஆட்டம் ஆடுகிறார். செனெட் என்று பெயர். கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தும் ஆட்டம். குச்சிகளை வீசி, விழுந்த எண்ணுக்கு ஏற்ப காயை நகர்த்துவார்கள். பெரியம்மா அந்த இடத்தில் நின்றுவிட்டார். "தாயம் ஆடுறாளா?" என்றார். "ஆமாம் பெரியம்மா, நம்ம தாயம் மாதிரிதான்." கொஞ்ச நேரம் கழித்து, "எதுத்தாப்புல யாருமில்லையேடி, யாரோட ஆடுறா?" என்றார்.

நான் வரலாற்று ஆசிரியை. முப்பத்து மூன்று ஆண்டு பாடம் நடத்தியவள். அந்தப் படத்தை எத்தனையோ புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். எதிரே ஆள் இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. உண்மையிலேயே அந்த ஓவியத்தில் எதிராளி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடுதான் அரசி ஆடுகிறார். புத்தகத்தில் அது ஒரு படம், பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பெரியம்மாவுக்கு அது ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் இடம். யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

அன்பர்களே, இப்போது ஒரு கேள்வி. இவ்வளவு அழகான இடத்துக்கு எல்லோரும் நேரிலேயே போனால் என்ன? பணமும் உடம்பும் இருக்கிறவர்கள் ஏன் போகக் கூடாது?

போகலாம். ஆனால் நாம் போனால் நம்மோடு நம் மூச்சும் போகிறது.

அந்தக் கல்லறையைக் குடைந்த சுண்ணாம்புப் பாறை உறுதியில்லாத பாறை. செதுக்க முடியாமல், அதன்மேல் சாந்து பூசி, சாந்தில் புடைப்பு வடித்து, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். பாறைக்குள் உப்பு இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான். ஈரம் பட்டால் உப்பு கரைகிறது. காய்ந்தால் படிகமாக இறுகுகிறது. இறுகும்போது பருக்கிறது. பருத்தால் மேலே இருக்கிற சாந்தைத் தள்ளுகிறது. மூவாயிரம் வருடம் நின்ற ஒரு முகம், ஒரு கை, ஒரு நட்சத்திரம், பொடியாக உதிர்கிறது. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? மழைவெள்ளத்திலிருந்து வந்திருக்கிறது. வந்து பார்த்துப்போன ஒவ்வொருவரின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வந்திருக்கிறது. "ஆகா, என்ன அழகு!" என்று நாம் விடும் பெருமூச்சு கூட அந்த அழகுக்கு ஆகாது.

1986ல் எகிப்தின் தொல்பொருள் அமைப்பும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. உதிரும் நிலையில் இருந்த துண்டுகளை முதலில் ஜப்பானியக் காகிதப் பட்டைகளால் ஒட்டிப் பிடித்தார்கள். முசுக்கட்டை மரப்பட்டையில் செய்த மெல்லிய காகிதம். அடிபட்ட இடத்துக்குக் கட்டுப் போடுவதுபோல அரசியின் தோளிலும் தெய்வங்களின் முழங்காலிலும் காகிதக் கட்டு. பிறகு அங்குலம் அங்குலமாக உப்பை எடுத்து, சாந்தை ஒட்டி, அழுக்கைத் துடைத்தார்கள். 1992 வரை அந்த வேலை நடந்தது. ஓரிடத்தில்கூடப் புதிதாக வண்ணம் தீட்டவில்லை. போனது போனதுதான், இருப்பதைக் காப்போம் என்பதுதான் அவர்கள் கொள்கை. 1995ல் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேர் என்று கணக்கு வைத்தார்கள். உள்ளே சில நிமிடம்தான் நிற்க முடிந்தது. அதன் பிறகும் மூடுவதும் திறப்பதுமாகத்தான் அந்தக் கல்லறையின் வாழ்வு போகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னவை. அந்தச் சுற்றுக்குள் நாம் நினைத்தபடி போக முடியாது. நம் ஊர் ஓவியத்தையே நாம் படத்தில்தான் பார்க்கிறோம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. காப்பவருக்கு ஓவியம் கெடுமோ என்ற கவலை இருக்கத்தான் வேண்டும்.

அப்படியானால், மூச்சுப் படாமல் உள்ளே போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பெரியம்மா போன வழி.

2018ல் நெஃபெர்தாரி கல்லறையின் மெய்நிகர் வடிவம் ஒன்று வெளிவந்தது. எப்படிச் செய்கிறார்கள்? எளிய மொழியில் சொல்கிறேன். ஒரே சுவரை ஆயிரக்கணக்கான புகைப்படமாக எடுக்கிறார்கள். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின்மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அரசியின் கண் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கீறல் பல படங்களில், பல கோணங்களில் விழுந்திருக்கும். அது எத்தனை தூரத்தில், எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டால் சுவர் எழும்புகிறது, தூண் எழும்புகிறது, விதானம் கவிகிறது. நாம் ஹெட்செட்டை மாட்டும்போது இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே மாறிய படம். இரண்டையும் சேர்த்து ஆழம் காண்பது நம் மூளை. கருவி பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதி நம்முடையது.

இது என்னவோ இன்றைக்கு வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். இரண்டு கண்ணுக்கு இரண்டு படம் என்ற உண்மையை சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1838லேயே ஒரு கருவி செய்து காட்டிவிட்டார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டு, 1839ல். அதாவது புகைப்படம் வெளியே வரும் முன்பே இந்த இரட்டைக் கண் பெட்டி வந்துவிட்டது! அதை வைத்துக்கொண்டு மனிதர்கள் முதலில் ஓடிய நாடுகளில் ஒன்று எகிப்து. 1856ல் பிரான்சிஸ் ஃப்ரித் என்பவர் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு நைல் ஆற்றில் படகேறினார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டை ஈரம் காயும் முன் கழுவியாக வேண்டும். பாலைவன வெயிலில், கூடாரத்து இருட்டில், மருந்து நெடியில் அந்தத் தகடுகளைக் கழுவி எடுத்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1905ல் நடந்தது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஒரு எகிப்தியல் பேராசிரியர். அவர் நூறு இரட்டைப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, ஒரு புத்தகத்தோடு வெளியிட்டார். கூடவே வரைபடங்கள். இந்தப் படத்தைப் பார்க்கும்போது நீ வரைபடத்தில் இந்தப் புள்ளியில் நிற்கிறாய், இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது உன் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒவ்வொரு படத்துக்கும் குறித்திருந்தார். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள், எந்தத் திசை பார்க்கிறோம் என்று தெரிந்துகொள், பிறகு பார். நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் போட்ட பாதை இது. இன்று விற்கிற பல மெய்நிகர் பயணங்களில் இந்த ஒழுங்கு இல்லை என்பது என் வருத்தம். பிரமிடு உச்சியில் ஒரு நொடி, ஸ்பிங்க்ஸ் முகத்தில் ஒரு நொடி, பின்னால் முழங்கும் இசை. எங்கே நின்றோம் என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

இங்கே என் வயதுக்காரர்கள் இருக்கிறீர்கள். திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டியின் துளையில் கண்ணை வைத்தது நினைவிருக்கிறதா? வியூமாஸ்டர் என்று ஒரு விளையாட்டுப் பொருள், வட்ட அட்டையைச் செருகி விசையை அழுத்தினால் தாஜ்மகால் தெரியுமே, அது நினைவிருக்கிறதா? பெட்டிக்குள் கண்ணை வைத்த அந்தக் குழந்தை, பெட்டியைப் பிடித்திருந்த தன் கையை மறந்துபோகும். அந்த மறதியைத்தான் நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நேரில் போனால் கிடைக்காதது மெய்நிகரில் கிடைக்குமா? கிடைக்கும். அழுத்தமாகச் சொல்கிறேன், கிடைக்கும். அரசர்களின் பள்ளத்தாக்கில் துட்டன்காமன் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922ல் திறந்தார். உள்ளே போவதற்காக ஓவியம் தீட்டிய ஒரு தடுப்புச் சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. அந்த ஓவியத்தின் ஒரு பகுதி அதோடு போயிற்று. பின்னாளில் ஃபேக்டம் என்ற அமைப்பினர் கல்லறையை 2009ல் அளந்து, அசலின் அதே அளவில் ஒரு நகல் அறை கட்டினார்கள். 2014ல் அது பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கார்ட்டர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது. ஹாரி பர்ட்டன் என்ற புகைப்படக்காரர் அந்நாளில் எடுத்த படத்தை வைத்து, உடைந்துபோன அந்தச் சுவர்ப் பகுதியையும் அதில் மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். அசலில் இல்லாதது நகலில் இருக்கிறது! கையால் தொடும் நகலுக்கே இது முடியும் என்றால், மெய்நிகருக்கும் முடியும்.

அசல் என்பதுதான் என்ன? அபு சிம்பெல் கோயில்களை எண்ணிப் பாருங்கள். ராம்சேஸ் தனக்கு ஒன்றும், நெஃபெர்தாரிக்கும் ஹாத்தோர் தெய்வத்துக்குமாக ஒன்றும் மலையைக் குடைந்து எடுத்த கோயில்கள். அரசியின் கோயில் வாசலில் அரசனுக்குச் சமமான உயரத்தில் அரசியின் சிலையும் நிற்கிறது. அஸ்வான் அணை வந்தபோது இரண்டும் நீரில் மூழ்கும் நிலை. 1964 முதல் 1968 வரை, அறுத்து, எண் போட்டு, தூக்கி, 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் மறுபடி அடுக்கினார்கள். இன்று அந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மலைக்குள் கான்கிரீட் கூரை கவிந்திருக்கிறது. பழைய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பழைய கரையில் நின்று கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் கப்பல் போகாது, விமானம் போகாது. அளந்து வைத்த கணக்கைக் கொண்டு எழுப்பிய மெய்நிகர் காட்சி ஒன்றுதான் போகும்.

கீஸாவின் பெரிய பிரமிடும் அப்படித்தான். ஒரு காலத்தில் சுமார் 146 மீட்டர் உயரம், மேலே வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புக் கல் போர்வை. அந்தப் போர்வையை உரித்துக் கெய்ரோவில் கட்டடம் கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது படிப்படியான உள்ளுடம்பு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கீஸா திட்டம் நூறாண்டுக் கால அகழாய்வுப் படங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்து அந்தப் பழைய கீஸாவை மெய்நிகரில் எழுப்புகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. எழுப்பும்போது ஊகமும் கலந்துவிடும். இந்தக் கதவு இந்த நிறமா? இந்தத் தெரு இவ்வளவு அகலமா? எது அளந்தது, எது ஊகித்தது என்று பிரித்துக் காட்டாத காட்சியை நான் வகுப்பில் போடமாட்டேன். பொய்யை இவ்வளவு அழகாகப் பார்த்துவிட்டால், பிறகு உண்மையைச் சொன்னாலும் பிள்ளை நம்பாது.

இவ்வளவும் சொன்னேன். இனி என் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பதைச் சொல்கிறேன்.

2005ல் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எகிப்து போனோம். வாழ்நாள் சேமிப்பு. நெஃபெர்தாரி கல்லறையில் அப்போது பொதுமக்களை விடவில்லை. அரசர்களின் பள்ளத்தாக்கில் ஒரு கல்லறைக்குள் போனேன்; முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் மூச்சு, மேலே என்ன ஓவியம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் குர்னா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குர்னா என்பது அதே மேற்குக் கரையில் ஒரு மலையோரக் கிராமம். அந்தக் காலத்துப் பிரபுக்கள், எழுத்தர்கள் ஆகியோரின் கல்லறைகள் அந்த மலை முழுக்க இருந்தன. அவற்றுக்கு மேலேயும் நடுவேயும் வீடுகள். நீலமும் மஞ்சளுமாக வண்ணம் பூசிய மண்வீடுகள். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் வீட்டுச் சுவரில் அந்தப் பயணம் முழுவதும் படமாக இருக்கும். ஒரு விமானம், ஒரு கப்பல், நடுவில் கஅபா. கல்லறைக்குள்ளே மறுவுலகப் பயணம் ஓவியம்; மேலே வீட்டில் மக்கா பயணம் ஓவியம். அந்த மலையில் இருந்தவர்களுக்குப் பயணம் என்றால் சுவரில் எழுதத் தகுந்த ஒன்று!

ஒரு கல்லறைக்குள் மின்விளக்கு இல்லை. நீளமான அங்கி அணிந்த ஒரு காவலர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலில் போய் நின்றார். அட்டையைச் சாய்த்தார். சூரியன் வாசல் வழியாக நுழைந்து சுவரில் விழுந்தது. நான் எந்தப் பக்கம் திரும்பினேனோ அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது. வெளியே நிற்கிறவருக்கு நான் எங்கே பார்க்கிறேன் என்று எப்படித் தெரிந்ததோ! வெளியே வந்ததும், "ஹிந்த்? அமிதாப் பச்சன்!" என்று கைகொடுத்தார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட கருப்புத் தேநீர் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் வந்தது. ஒரு சிறுமி துணிப்பொம்மை விற்றாள். அந்தப் பொம்மை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

2006 முதல் குர்னா வீடுகளை இடித்து, மக்களை வேறிடத்தில் குடியேற்றினார்கள். வீட்டுக் கழிவுநீர் கல்லறைகளைக் கெடுக்கிறது என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஆனாலும் வீடு போயிற்று.

2020ல் கொரோனா வந்து உலகமே வீட்டில் அடைந்தபோது, எகிப்தின் சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகம் சில இடங்களை மெய்நிகரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கீஸாவில் அரசி மெரெசங்கின் கல்லறை, கெய்ரோவில் சுல்தான் பர்கூக்கின் பள்ளிவாசல், பென் எஸ்ரா யூதக் கோயில், சிவப்பு மடாலயம் என்ற கிறித்தவ மடம். எல்லாச் சமயமும் வாழ்ந்த நாடு என்று காட்டும் தேர்வு அது. எனக்கு நிறைவாக இருந்தது. அவற்றில் ஒன்று குர்னா மலையிலேயே இருக்கும் மென்னாவின் கல்லறை. வயல்களுக்குக் கணக்கெழுதிய அதிகாரி மென்னா. அந்தச் சுவரில் அறுவடை நடக்கிறது. கயிறு பிடித்து வயல் அளக்கிறார்கள். சிந்திய கதிருக்காக இரண்டு பெண்கள் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். பக்கத்தில், ஒரு பெண் இன்னொரு பெண்ணின் காலைத் தன் மடிமேல் வைத்துக் குனிந்து முள் எடுக்கிறாள்.

அந்தச் சுவரை மணிக்கணக்காகப் பார்த்தேன். மலைத்துப் போனேன். பிறகு வெளியே குர்னாவைத் தேடினேன். நீல வீடு எங்கே? விமானம் வரைந்த சுவர் எங்கே? வெள்ளிக் காகித அட்டையோடு நின்றவர் எங்கே? மூவாயிரம் வருடத்துக்கு முன் கால் முள்ளை எடுத்தவள் இருக்கிறாள். இருபது வருடத்துக்கு முன் எனக்குத் தேநீர் கொடுத்தவர் இல்லை. கல்லறை அளக்கப்பட்டது. கிராமம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பெரியம்மாவும் இதையேதான் சொன்னார். நெஃபெர்தாரியின் அறையெல்லாம் சுற்றி முடித்து, ஹெட்செட்டைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மனுசங்களே இல்லையேடி அங்க? விளக்கேத்துறவங்க கூடவா இல்ல?"

ஒரு நாட்டின் பண்பாடு என்பது கல் மட்டுமா? வசந்தத்தில் ஷம் அல் நசீம் நாளன்று முஸ்லிமும் கிறித்தவரும் ஒன்றாக ஆற்றங்கரைக்குப் போய், முட்டைக்கு வண்ணம் தீட்டி, உப்புமீன் தின்கிறார்களே, அது எகிப்து. உம் குல்சுமின் பாட்டு வானொலியில் வரும் இரவில் கடைத்தெருவே அடங்கியதாகச் சொல்வார்களே, அது எகிப்து. மெய்நிகர் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். கல்லறையை அளக்கும் நாளில், காவலரின் குரலையும் பதிவு செய்யுங்கள். அந்த ஊர்க்காரர் அந்த ஊரைப் பற்றிச் சொல்லட்டும், நாம் கேட்கிறோம். காட்சிக்குக் காசு வாங்கினால் அதில் ஒரு பங்கு அந்த மலையடிவாரத்துக்குப் போகட்டும். வழிகாட்டியும் படகோட்டியும் வாழ்கிற வருமானத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து நாம் மிச்சம் பிடிக்கிறோமே, அது நியாயமா?

ஆசிரியர்களே, பிள்ளைகளை இந்தப் பயணத்துக்கு அழைத்துப் போங்கள். கையில் ஒரு கேள்வியைக் கொடுத்து அழைத்துப் போங்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் மிளகைக் கொடுப்பேன். ஆளுக்கு இரண்டு மிளகு. நெஃபெர்தாரியின் கணவர் ராம்சேஸின் உடலைப் பதப்படுத்தியபோது மூக்கில் வைத்தது இது என்பேன். மிளகுக்கொடியின் தாய்மண் மேற்குத் தொடர்ச்சி மலை. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகோடு ஒரு ஜாடி கிடைத்தது. இன்னொரு துறைமுகமான குசைர் அல் கதீமில் பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் கிடைத்தன. ஐராவதம் மகாதேவன் வாசித்துச் சொன்னார். அந்தக் கண்ணன் எந்த ஊர்க்காரரோ! இரண்டாயிரம் வருடத்துக்கு முன் மரக்கலத்தில் போய்ச் செங்கடல் கரையில் தன் பானையில் பெயர் எழுதியிருக்கிறார். மிளகைக் கையில் வைத்துக்கொண்டு எகிப்துக்குள் நுழைகிற பிள்ளை வேடிக்கை பார்க்கப் போவதில்லை. விட்டுப்போன ஏதோ ஒன்றைத் தேடப் போகிறது.

கடைசியாக ஒரு செய்தி. நெஃபெர்தாரியின் கல்லறையில் கள்வர் விட்டுப்போன சில பொருள்களை ஸ்கியாபரெல்லி இத்தாலிக்குக் கொண்டுபோனார். உடைந்த கல் மூடி, அரசியினுடையதாகக் கருதப்படும் முழங்கால் பகுதி, பிறகு ஒரு ஜோடி செருப்பு. ஓலையும் நாரும் கொண்டு பின்னிய செருப்பு. டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லறை எகிப்தில், செருப்பு இத்தாலியில். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க இன்று நிலத்தில் வழியில்லை. மெய்நிகரில் வைக்கலாம். அந்தக் கல்லறையின் வாசலில், படிக்கட்டின் மேல்படியில், அந்தச் செருப்பை யாராவது கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நூலகர் ஐயாவின் உதவியால் அந்த மூலையில் ஒரு ஹெட்செட்டும், கைப்பேசி வைத்துப் பார்க்கும் அட்டைக் கண்ணாடி நான்கும் வைத்திருக்கிறோம். தலைசுற்றல் உள்ளவர்கள் உட்கார்ந்தே பாருங்கள்; கண் நகர்கிறது என்கிறது, காது நகரவில்லை என்கிறது, அந்தச் சண்டையில்தான் தலை சுற்றுகிறது. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு மாட்ட வேண்டாம். ஆளுக்குப் பத்து நிமிடம், வரிசையாக வாருங்கள்.

பெரியம்மாவும் வந்திருக்கிறார், இதோ, தூணுக்குப் பக்கத்தில். அவர் முதலில் பார்க்கட்டும். மென்னாவின் சுவரில் முள் எடுக்கிற பெண்ணை அவருக்கு நான் இன்னும் காட்டவில்லை. தம்பி, அந்தக் கை வைத்த நாற்காலியை இப்படிச் சுவரோரமாகப் போடுங்கள். அவர் செருப்பு வைக்கக் கொஞ்சம் இடம் விடுங்கள்.